கை தேய்ந்தாலும் உரிமை தேயாது

(மும்பை மான்குர்த்தில், புதிதாகப் படிக்கக் கற்ற தமிழ் மக்கள் கூட்டத்தில் பேசியது)



நாள் முழுவதும் உழைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். சிலர் நாக்காவில் நின்று கட்டிட வேலைக்குப் போய் வந்தவர்கள். சிலர் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து வந்தவர்கள். சிலர் குப்பையில் பிளாஸ்டிக்கும் இரும்பும் பிரித்து வந்தவர்கள். இந்தக் களைப்பிலும் புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். உங்களை வணங்குகிறேன்.

இன்று நாம் பேசப்போவது கையைப் பற்றி. நம் விரல் நுனியைப் பற்றி.

எல்லோரும் ஒரு முறை உங்கள் பெருவிரலைப் பாருங்கள். வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். கோடுகள் தெரிகின்றனவா? சிலருக்கு நன்றாகத் தெரியும். சிலருக்கு மங்கலாகத் தெரியும். சிலருக்கு வழவழவென்று இருக்கும். கோடே தெரியாது. யாருக்குத் தெரியவில்லை? பெரும்பாலும் அதிகம் உழைத்தவர்களுக்கும், வயதானவர்களுக்கும்தான்.

அந்தக் கோடு தெரியாததால் ரேஷன் கடையில் மிஷின் நம்மை ஏற்பதில்லை. "உங்கள் ரேகை விழவில்லை" என்கிறார்கள். அரிசியும் கோதுமையும் வாங்கப் போனவர் வெறும் பையோடு திரும்புகிறார். அரைநாள் கூலியும் போகிறது.

இது ஏன் நடக்கிறது? யாருடைய குறை? நாம் என்ன செய்யலாம்? இதைத்தான் இன்று தெரிந்துகொள்ளப் போகிறோம்.

கைநாட்டும் கையெழுத்தும்

"கைநாட்டு" என்ற சொல் நமக்குத் தெரியும். எழுதத் தெரியாதவரை அப்படிச் சொல்லிக் கேலி செய்தார்கள். வட்டிக் கடைக்காரர் நீட்டிய தாளில் பெருவிரலை மையில் தொட்டு வைத்தோம். அதில் என்ன எழுதியிருந்தது என்று நமக்குத் தெரியாது.

அந்த இழிவு போக வேண்டும் என்றுதான் எழுத்தறிவு இயக்கங்கள் வந்தன. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-களில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. லட்சக்கணக்கான பெண்கள் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடக் கற்றார்கள். இன்று நீங்களும் கற்றிருக்கிறீர்கள்.

ஆனால் காலம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. இன்று எல்லோரும் மறுபடியும் பெருவிரல் வைக்கிறோம். படித்தவரும் வைக்கிறார், படிக்காதவரும் வைக்கிறார். ரேஷன் கடையில், வங்கியில், சிம் கார்டு வாங்கும் இடத்தில் விரலைக் கேட்கிறார்கள்.

அன்று வைத்த கைநாட்டுக்கும் இன்று வைக்கும் கைநாட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று மை ஒட்டினால் போதும். ரேகை யாருடையது என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இன்று மிஷின் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் "ஆம்" என்கிறது. பொருந்தாவிட்டால் "இல்லை" என்கிறது.

கைரேகையை இப்படிப் பயன்படுத்தும் முறை நம் நாட்டில்தான் வளர்ந்தது. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி இருந்தார். சாலைக்குப் பொருள் தருவதாக ஒப்புக்கொண்ட ஒருவரிடம் ஒப்பந்தத் தாளில் கை முழுவதையும் பதிய வைத்தார். பின்னால் "நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்று அவர் சொல்லக்கூடாது என்பதற்காக. 1897-இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் திறந்தார்கள். ரேகைகளை வகை பிரித்து அடுக்கும் முறையை உருவாக்க அஜீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் உழைத்தார்கள். அவர்களும் ஒரு தாளை இன்னொரு தாளோடு கண்ணால் ஒப்பிட்டார்கள். இன்று அதே வேலையை மிஷின் செய்கிறது.

ஆதார் வந்த கதை

அடையாளச் சீட்டு எவ்வளவு முக்கியம் என்று மும்பைத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1976-இல் மும்பைக் குடிசைகளைக் கணக்கெடுத்தார்கள். கணக்கில் வந்தவர்களுக்குப் போட்டோ பாஸ் கொடுத்தார்கள். அதே 1976-இல்தான் டிராம்பேயில் ஜனதா காலனியைக் காலி செய்தார்கள். அங்கே இருந்தவர்களைச் சீத்தா கேம்புக்கு அனுப்பினார்கள். அவர்களில் தமிழர்கள் பலர். காகிதம் இருந்தவருக்கு ஒரு பேச்சு, இல்லாதவருக்கு வேறு பேச்சு. நம் பெரியவர்கள் இதை அனுபவித்தவர்கள்.

2009-இல் இந்தியத் தனித்துவ அடையாள ஆணையத்தை மத்திய அரசு அமைத்தது. சுருக்கமாக ஆதார் ஆணையம் என்போம். முதல் ஆதார் எண்ணை நம் மகாராஷ்டிராவில்தான் கொடுத்தார்கள். நந்துர்பார் மாவட்டத்தில் டெம்ப்லி என்ற பழங்குடி மக்களின் ஊர் இருக்கிறது. அங்கே 2010 செப்டம்பர் 29 அன்று கொடுத்தார்கள். இப்போது நாட்டில் 130 கோடிக்கும் மேல் எண்கள் கொடுக்கப்பட்டுள்ளன.

ஆதார் எண் 12 இலக்கம் கொண்டது. அதற்காக நம்மிடம் என்ன எடுத்தார்கள்? பத்து விரல் ரேகை. இரண்டு கருவிழிப் படம். ஒரு முகப் படம். பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, முகவரி. இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஆதார்ப் பதிவு.

மிஷின் எப்படிப் பார்க்கிறது?

தாயின் வயிற்றில் குழந்தை இருக்கும்போதே விரல் ரேகை உருவாகிவிடுகிறது. ஆறாம் மாதத்துக்குள் முழுமை அடைகிறது. பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த வடிவம் மாறுவதில்லை. ஒருவர் ரேகை போல இன்னொருவர் ரேகை இருப்பதில்லை. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ரேகை வேறு வேறுதான்.

ரேகையை வயலில் உள்ள வரப்பு போல நினைத்துக்கொள்ளுங்கள். சில வரப்புகள் நடுவில் முடிகின்றன. சில வரப்புகள் இரண்டாகப் பிரிகின்றன. முடியும் இடங்களையும் பிரியும் இடங்களையும் மிஷின் குறித்துக்கொள்கிறது. அவற்றை எண்களாக மாற்றுகிறது. முதலில் பதிந்தபோது எடுத்த குறிப்பும், இன்று கடையில் எடுத்த குறிப்பும் போதுமான அளவு ஒத்துப்போனால் "ஆம்" என்று பதில் வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒப்பிட இரண்டு படங்கள் வேண்டும். ஒன்று பழைய படம். மற்றொன்று இன்றைய படம். இரண்டில் எது மோசமாக இருந்தாலும் பொருத்தம் வராது. இன்று உங்கள் விரல் நன்றாக இருக்கலாம். ஆனால் பத்து ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் மங்கலாகப் பதிந்திருந்தால் மிஷின் "இல்லை" என்றுதான் சொல்லும்.

ரேகை ஏன் விழவில்லை?

காரணங்கள் பல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம், உழைப்பு. சிமெண்டு தோலை அரிக்கும். செங்கல் தோலைத் தேய்க்கும். பாத்திரம் தேய்க்கும் தூளும், துணி துவைக்கும் சோப்பும், தரை துடைக்கும் ஆசிட்டும் விரல் நுனியைத் தேய்க்கின்றன. தேவ்னார் குப்பைக் கிடங்கு 1927-இல் தொடங்கியது. அன்று முதல் எத்தனையோ தலைமுறை அங்கே கண்ணாடியும் தகரமும் பொறுக்கியிருக்கிறது. அந்தக் கைகளில் வெட்டுக் காயத் தழும்புகள் இருக்கும். தாராவியில் தோல் பதனிடும் வேலை செய்தவர்களுக்கும் இதே கதைதான்.

இரண்டாவது காரணம், முதுமை. வயதானால் தோல் மெலிந்து, காய்ந்து, சுருங்கிவிடும். வரப்புகள் தாழ்ந்துபோகும்.

மூன்றாவது காரணம், நோயும் ஊனமும். தொழுநோயால் விரல்களை இழந்தவர்கள் உண்டு. தீக்காயம் பட்டவர்கள் உண்டு. மிஷினில் கை சிக்கியவர்கள் உண்டு. பிறவியிலேயே விரல் இல்லாதவர்களும் உண்டு.

நான்காவது காரணம், மிஷின். கடையில் உள்ள கண்ணாடியில் நூறு பேர் விரல் வைக்கிறார்கள். அழுக்கும் எண்ணெயும் படிந்துவிடுகின்றன. சில மிஷின்கள் பழையவை. சில நேரம் நெட்வொர்க் கிடைப்பதில்லை. அப்போதும் "ரேகை விழவில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஐந்தாவது காரணம், எண் தவறு. ரேஷன் அட்டையோடு ஆதார் எண்ணை இணைக்கும்போது ஓர் இலக்கம் மாறியிருக்கலாம். மகளின் எண்ணைத் தாயின் பெயரில் போட்டிருக்கலாம். அப்படி இருந்தால் எவ்வளவு நல்ல விரலும் பொருந்தாது.

ஆகவே, "ரேகை விழவில்லை" என்று சொன்னவுடன் தலை குனிய வேண்டாம். என்ன காரணம் என்று கேளுங்கள். "மிஷினில் என்ன செய்தி வந்தது?" என்று கேளுங்கள். நீங்கள் இப்போது படிக்கத் தெரிந்தவர். சீட்டையும் திரையையும் காட்டச் சொல்லுங்கள்.

இது யாருடைய குறை?

சிலர் சொல்வார்கள்: "உன் கை சரியில்லை. நாங்கள் என்ன செய்வோம்?"

இது சரியான பேச்சா? யோசித்துப் பாருங்கள். தராசில் எடை சரியாக வரவில்லை என்றால் அரிசியையா குறை சொல்வோம்? தராசைத்தானே பார்ப்போம்?

2018 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரி ஒரு கணக்கைச் சொன்னார். அரசுச் சேவைகளில் 100 முறை சரிபார்த்தால் 88 முறை பொருந்துகிறது என்றார். அப்படியென்றால் 12 முறை பொருந்தவில்லை. மறுபடி முயன்றபோது இந்த 12-இல் சில பொருந்தியிருக்கும். ஆனாலும் இது சிறிய எண் அல்ல.

இன்னொரு கணக்கும் உண்டு. அரசின் வரவு செலவையும் வேலையையும் தணிக்கை செய்பவர் சிஏஜி என்ற தலைமைத் தணிக்கை அதிகாரி. ஆதார் ஆணையத்தைப் பற்றிய அவருடைய அறிக்கை 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2018-19ஆம் ஆண்டில் 3 கோடியே 4 லட்சம் பேர் ரேகை முதலியவற்றைப் புதுப்பித்தார்கள். அவற்றில் 100-க்கு 73-க்கும் மேல், பழைய பதிவு சரியாக இல்லாததால் மக்கள் தாமாகவே போய்ப் பணம் கட்டிப் புதுப்பித்தவை. முதலில் எடுத்த பதிவின் தரம் போதுமானதாக இல்லை என்பதையே இது காட்டுகிறது என்று அறிக்கை சொன்னது. மோசமான பதிவுக்கு மக்களைப் பொறுப்பாக்கிப் பணம் வாங்கக்கூடாது என்றும் சொன்னது.

பார்த்தீர்களா? "உன் கை சரியில்லை" என்று நம்மிடம் சொன்னார்கள். "பதிவு சரியில்லை" என்று தணிக்கை அதிகாரி சொன்னார். நம் கை உழைத்துத் தேய்ந்த கை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-இல் ஆதார்ச் சட்டம் வந்தது. அதன் 5ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், ஊனமுற்றோர், அமைப்பு சாராத தொழிலாளர்கள், நாடோடி மக்கள், நிலையான வீடு இல்லாதவர்கள் ஆகியோருக்கு ஆதார் கிடைக்கச் சிறப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. அதாவது, நமக்காகத்தான் அந்தப் பிரிவு.

அடுத்து, 2017 அக்டோபர் 24 அன்று ஆதார் ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன் சாரம் இது. ஆதார் இல்லை என்றோ, ரேகை பொருந்தவில்லை என்றோ யாருக்கும் உரிய பொருளை மறுக்கக்கூடாது. ரேகை பொருந்தாவிட்டால் கருவிழியைப் பார்க்க வேண்டும். அல்லது மொபைலுக்கு ஓடிபி எண் அனுப்பிப் பார்க்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் ஆதார் அட்டையைப் பார்த்து, தனிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருளைக் கொடுக்க வேண்டும்.

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஆதார் வழக்கில் தீர்ப்பு சொன்னார்கள். அரசு தரும் மானியத்துக்கும் உதவிக்கும் ஆதார் கேட்கலாம் என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். ஒருவர் இந்தச் சட்டமே செல்லாது என்றார். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஆதார் கட்டாயம் இல்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

விரல் இல்லாதவர் என்ன செய்வது? விரல் பதிய முடியாதவருக்குக் கருவிழியை மட்டும் பதியலாம். கருவிழி பதிய முடியாதவருக்கு விரலை மட்டும் பதியலாம். இரண்டும் முடியாதவருக்கும் பெயர், முகவரி, பிறந்த தேதி, படம் ஆகியவற்றை வைத்து ஆதார் கொடுக்க வேண்டும். 2023 டிசம்பரில் கேரளத்தில் விரல்கள் இல்லாத ஒரு பெண்ணுக்கு அவர் வீட்டுக்கே போய் ஆதார் கொடுத்தார்கள். அவர் அதற்கு முன் பதியப் போனபோது மறுக்கப்பட்டவர். விதி முன்பே இருந்தது. பதிவு செய்தவருக்குத் தெரியவில்லை. விதி தாளில் இருந்தால் போதாது, மக்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு நல்ல தீர்ப்பு கொடுத்தது. வங்கியில் முகத்தைக் காட்டும்போது "கண் சிமிட்டு" என்று மிஷின் கேட்கும். ஆசிட் வீச்சில் முகம் சிதைந்த பெண்ணால் கண் சிமிட்ட முடியுமா? அப்படிப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். கண் சிமிட்ட முடியாதவர்களுக்கும் பார்வை இல்லாதவர்களுக்கும் வேறு வழிகள் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. கணினி வழிச் சேவை எல்லோருக்கும் கிடைப்பது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றும் சொன்னது.

ரேஷன் கடையில் என்ன செய்யலாம்?

ஒன்று: ஒரு விரல் பொருந்தாவிட்டால் வேறு விரலை வையுங்கள். பெருவிரல்தான் வைக்க வேண்டும் என்று இல்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் அதிகம் தேயும் விரல்கள். நடுவிரலும் மோதிர விரலும் பலருக்கு நன்றாக இருக்கும். எந்த விரல் பொருந்துகிறதோ அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமும் அதையே வையுங்கள்.

இரண்டு: விரலைக் கழுவித் துடைத்துவிட்டு வையுங்கள். மிகவும் காய்ந்திருந்தால் ஈரத் துணியால் லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள். சொட்டச் சொட்ட ஈரம் வேண்டாம். விரலைப் படுக்க வைத்து மெதுவாக அழுத்துங்கள். நுனியை மட்டும் குத்த வேண்டாம். மிகவும் அழுத்தினால் கோடுகள் நசுங்கிவிடும்.

மூன்று: கண்ணாடியைத் துடைக்கச் சொல்லுங்கள். இது கேட்கக்கூடாத கேள்வி அல்ல.

நான்கு: உங்கள் அட்டையில் பெயர் உள்ள வேறொருவர் வந்தும் விரல் வைக்கலாம். பாட்டியின் விரல் விழாவிட்டால் பேரன் வைக்கலாம். ஆகவே வீட்டில் எல்லோருடைய ஆதாரும் சரியாக இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்து: எதுவுமே பொருந்தாவிட்டால், "வேறு வழியில் கொடுங்கள், பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். மறுத்தால் தேதி, நேரம், கடை எண் மூன்றையும் எழுதி வையுங்கள். ரேஷனிங் ஆபீசில் எழுத்தில் புகார் கொடுங்கள். 1967 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்தது நிற்கும். நீங்கள் எழுதக் கற்றது இதற்காகவும்தான்.

நல்ல பதிவு எடுப்பது எப்படி?

ரேகை மாதா மாதம் பொருந்தவில்லையா? அப்போது ஆதார் சென்டருக்குப் போய்ப் புதிதாகப் பதிவது நல்லது. போகுமுன் கொஞ்சம் தயார் செய்துகொள்ளுங்கள்.

ரேகையின் வேர் தோலின் அடியில் இருக்கிறது. மேல்தோல் தேய்ந்தாலும் அடித்தோல் கெடாமல் இருந்தால் ரேகை மறுபடியும் வளரும். வெட்டிய புல் மறுபடி முளைப்பது போல. ஆகவே சில நாள் கைக்கு ஓய்வு கொடுங்கள். முடியாதவர்கள் ரப்பர் கையுறை போட்டு வேலை செய்யுங்கள். இரவில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பதியப் போகும் அன்று எண்ணெய் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். மருதாணி வைத்த கையோடும், காயம் ஆறாத கையோடும் போக வேண்டாம்.

சென்டரில் நான்கு விரல், நான்கு விரல், இரண்டு பெருவிரல் என்று மூன்று தடவையாகப் பதிவார்கள். படம் நன்றாக விழுந்ததா என்று கம்ப்யூட்டர் காட்டும். நன்றாக விழாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். அவசரப்படுத்தினால், "இன்னொரு முறை எடுங்கள்" என்று சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. இந்த ஐந்து நிமிடம்தான் பல ஆண்டுகளுக்கு உங்களுக்குச் சோறு போடும்.

கண்ணைப் படம் எடுக்கும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றுங்கள். இமையை நன்றாகத் திறங்கள். கண்ணில் வெயில் படக்கூடாது. கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்திருந்தால் கருவிழிப் பதிவையும் புதுப்பிப்பது நல்லது.

கட்டணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாக ஆதார் பதிவது இலவசம். ரேகை, கண், முகம் புதுப்பிக்க 2025 அக்டோபர் 1 முதல் 125 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்குமேல் கேட்டால் கொடுக்க வேண்டாம். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் இருந்தால் 1947 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நாடு விடுதலை பெற்ற ஆண்டுதான் அந்த எண். மறக்காது. அங்கே தமிழிலும் பேசலாம். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்கு வீட்டுக்கு வந்து பதியும் ஏற்பாடும் உண்டு. அதையும் அந்த எண்ணில் கேளுங்கள்.

பெயரைப் படித்துப் பாருங்கள்

ரேகை மட்டும் சரியாக இருந்தால் போதாது. பெயரும் சரியாக இருக்க வேண்டும்.

மகாராஷ்டிராவில் ஆதாரில் பெயரை மராத்தியிலும் ஆங்கிலத்திலும் போடுகிறார்கள். நம் பெயர்களில் 'ழ' வரும். பழனி, யாழினி, தமிழரசி. எழுதுபவருக்கு அந்த ஒலி புதிது. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார். நமக்கு முன்னெழுத்து மட்டும்தான் உண்டு. இங்கே குடும்பப் பெயர் கேட்பார்கள். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். பிறகு பணம் வராது. அலைச்சல்தான் மிச்சம்.

எனவே உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுத வேண்டும் என்று ஒரே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். பதிவு செய்பவர் தட்டச்சு செய்த பிறகு திரையைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். சரி என்று தெரிந்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு

ஐந்து வயதுக்குள் குழந்தைக்கு ஆதார் எடுத்தால் விரலும் கண்ணும் பதிய மாட்டார்கள். முகப் படம் மட்டும்தான். ஐந்து வயது ஆனதும் முதல் முறை விரலும் கண்ணும் பதிய வேண்டும். பதினைந்து வயதில் மறுபடி பதிய வேண்டும். வளரும் பிள்ளையின் விரல் பெரிதாகிறது. பழைய படம் உதவாது. 5 முதல் 7 வயதுக்குள்ளும், 15 முதல் 17 வயதுக்குள்ளும் செய்தால் கட்டணம் இல்லை. பல பெற்றோர் இதை மறந்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு உதவித்தொகை நின்ற பிறகுதான் ஓடுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு என்ன வயது? இன்றே கணக்குப் பாருங்கள்.

விரலைப் பத்திரமாக வையுங்கள்

பணப்பெட்டியின் சாவியை யாரிடமும் கொடுப்போமா? இன்று உங்கள் விரல்தான் சாவி. விரல் வைத்தே வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும். அதனால் சில எச்சரிக்கைகள்.

எதற்காக விரல் கேட்கிறார்கள் என்று தெரியாமல் வைக்காதீர்கள். "விழவில்லை, இன்னொரு முறை வை" என்று பலமுறை சொன்னால் சீட்டைக் கேளுங்கள். முதல் முறையே பணம் போயிருக்கலாம். ஓடிபி எண்ணைப் போனில் கேட்பவருக்குச் சொல்லாதீர்கள். ஆதாரில் உங்கள் சொந்த மொபைல் எண் இருக்க வேண்டும். ஏஜெண்டின் எண் இருக்கக்கூடாது. விரல் பதிவைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். ஆனால் பூட்டி இருக்கும்போது ரேஷன் கடையிலும் பொருந்தாது. இதை நினைவில் வையுங்கள்.

தோழர்களே,

அடையாளம் கேட்பது தவறு அல்ல. ஒருவர் பங்கை இன்னொருவர் எடுத்துக்கொள்ளாமல் இருக்க அது உதவும். ஒரு ரேஷன் அட்டையை வைத்து வேறு மாநிலத்திலும் பொருள் வாங்கும் திட்டம் 2019-இல் தொடங்கியது. 2022-க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. பிழைக்க ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அது நல்ல திட்டம். அதுவும் விரல் ரேகையை நம்பித்தான் நடக்கிறது.

ஆனால் எதற்காக இந்த மிஷின்? உரியவருக்கு உரியதைக் கொடுப்பதற்காக. உரியவரே வெறும் பையோடு திரும்பினால் மிஷின் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் பொருள். நல்ல மிஷின் வேண்டும். பொறுமையான பதிவாளர் வேண்டும். விரல் இல்லாவிட்டால் கண், கண் இல்லாவிட்டால் முகம், அதுவும் இல்லாவிட்டால் மனிதர் பார்த்து எழுதும் பதிவேடு. இப்படி ஒரு கதவு மூடினால் மறு கதவு திறக்க வேண்டும். இதை நாம் தனித்தனியாகக் கேட்டால் காதில் விழாது. பத்துப் பேராகப் போய்க் கேட்டால் விழும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வேலையைத் தொடங்குவோம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவோம். இந்த மாதம் நம் சாலில், நம் சந்தில் யார் யாருக்கு ரேகை விழவில்லை என்று எழுதுவோம். பெயர், தேதி, கடை எண், எந்த விரல், என்ன சொன்னார்கள், பொருள் கிடைத்ததா இல்லையா. நோட்டு நம் கையிலேயே இருக்கட்டும். ஆதார் எண்ணை அதில் எழுத வேண்டாம். மூன்று மாதம் எழுதினால் நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கோடு ரேஷனிங் ஆபீசுக்குப் போவோம்.

முதல் பக்கத்தை இன்று இங்கேயே எழுதிவிட்டுப் போவோம். யாருக்குப் போன மாதம் விரல் விழவில்லையோ அவர் முன்னால் வாருங்கள். உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் விரல்களில் எது மிஷினில் நன்றாகப் பொருந்துகிறது?
2. ரேகை பொருந்தாவிட்டால் வேறு என்னென்ன வழிகள் உள்ளன?
3. உங்கள் ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி உள்ளதா?
4. உங்கள் பகுதியில் விரல் தேய்ந்த முதியவர் யார்? அவருக்கு யார் உதவலாம்?
5. ரேகை பொருந்தவில்லை என்று பொருள் மறுத்தால் கொடுக்கும் புகார்க் கடிதத்தை ஐந்து வரிகளில் எழுதிப் பாருங்கள்.